மாலையில் இடியுடன் மழை பெய்யக்கூடும்

எங்கள் பீங்கான் எஸ்டேட்டு வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. சித்திரை பிறந்து ஆனி முடிகிற வரைக்கும் அதில் ஒரே சேதிதான். ‘ஏரிக்கரைப் பகுதி: பகலில் வெயில். மாலையில் இடியுடன் மழை பெய்யக்கூடும்.’ விருத்தாசலத்தில் கத்திரி நடக்கும்போது பகலில் வெயில் அடிக்கும் என்பதை யாராவது எழுதித்தானே சொல்ல வேண்டும், எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்தான் எங்கள் சார்.

அவர் பொதுச் சூளையின் மேற்பார்வையாளர். எஸ்டேட்டில் எல்லாமே சின்னச் சின்னப் பட்டறைகள். ஒருத்தர் ஃபியூஸ் கட்டை செய்வார், ஒருத்தர் ஊறுகாய் ஜாடி செய்வார். நான் வேலை பார்த்தது பொம்மைப் பட்டறை. பொம்மைக்குக் கண் எழுதுவது என் வேலை. தனித்தனியாகச் சூளை வைக்க யாருக்கும் வசதி கிடையாது. பட்டறைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து ஒரே ஒரு பெரிய சூளை வைத்து, முறை போட்டுச் சுட்டுக்கொண்டார்கள். முறை சொல்வது, சூளையைப் பார்ப்பது, வானத்தைப் பார்ப்பது மூன்றும் சார் வேலை. முதல் இரண்டுக்குச் சங்கம் சம்பளம் கொடுத்தது. மூன்றாவது, அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. எஸ்டேட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘கூடும் சார்’ என்றால்தான் தெரியும். அவர் எதிரிலேயே அப்படிச் சொல்வார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபம் வந்திருக்கிறதா இல்லையா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியாதோ என்னவோ.

காலையில் ரேடியோவில் வானிலை கேட்பார். டீக்கடையில் பேப்பரில் பார்ப்பார். முதல் நாள் ராத்திரி டிவியில் பார்த்தது மனதில் இருக்கும். மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால், மூவரில் ஒருத்தர் மனமும் நோகாதபடி ஒரு வாக்கியம் செய்வார். அந்த வாக்கியம்தான் மேலே நான் சொன்னது. ஆரம்பத்தில் தினம் சாக்பீஸில் எழுதிக்கொண்டிருந்தார். அதையே எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோய், பஸ்ஸுக்குப் போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டு மஞ்சள் பெயிண்டில் நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டார். கீழே தேதிக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டு, அதைச் சாக்பீஸில் மாற்றிக்கொள்வார். வானத்தை நம்பாத மனிதர் பெயிண்டை நம்பினார்.

வாசலில் டீக்கடை வைத்திருந்த லட்சுமியக்கா சொல்லும்: “அவரு போர்ட பாத்து கொட எடுத்தவன் வேர்வையில நனைஞ்சான், எடுக்காதவன் மழையில நனைஞ்சான். நனையாம வூட்டுக்குப் போனவரு அவரு ஒருத்தருதான்.”

அது உண்மை. சைக்கிளில் வரும்போது தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, ஹேண்டில்பாரில் குடை, சீட்டுக்கு மேல் பிளாஸ்டிக் உறை, பையில் இன்னொரு சட்டை. எந்தப் பருவம் வந்தாலும் அவரைத் தயாராகப் பார்க்கலாம். ஒரே நாளில் எல்லாப் பருவமும் வந்தாலும் சமாளித்துவிடுவார்.

இது வானத்தோடு நின்றிருந்தால் நான் அவரை இவ்வளவு ஞாபகம் வைத்திருக்க மாட்டேன். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மிச்சத்தை ஆட்கள் பேசுவதைக் கேட்டுத்தான் படித்தேன். அப்படிக் கேட்டதில் அவர் பேச்சு தனிப் பாடம். “சாப்டீங்களா சார்?” என்று கேட்டால், “சாப்டாப்பலதான் இருக்குது” என்பார். கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸு போய்விட்டதா என்று ஒரு தடவை கேட்டேன். “போயிருந்தாலும் போயிருக்கும்” என்றார். பஸ்ஸு அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

சொந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார். எஸ்டேட்டில் பட்டறை பட்டறையாகப் பத்திரிகை கொடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் பட்டறைக்காரர் தட்டில் வாங்கிக்கொண்டு, ஜாம் ஜாம் என்று நடக்கட்டும் சார் என்றார். சார் கொஞ்சம் யோசித்தார். “தேதி போட்டிருக்குது. நடக்கும்னுதான் எல்லாரும் சொல்றாங்க.” கூட வந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டில் இருந்து நாலு பேர் வந்து, எங்கள் மேல் என்ன சந்தேகம் என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். கல்யாணம் நடந்தது. நானே போய்ச் சாப்பிட்டேன். அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பலகையால் எங்களுக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். சுடுவதற்கு முன் இருக்கிற சாமானைப் ‘பச்சை’ என்போம். எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு ஏரி. கோடையில் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பட்டறைக்குள் இடம் கிடையாது, காற்றும் கிடையாது. அதனால் பச்சையைப் பலகையில் அடுக்கித் தலையில் தூக்கிப் போய் ஏரிக்குள் வெயிலில் வைப்போம். கொஞ்சம் ஈரம் தங்கினாலும் சூளைக்குள் பட்டாசு மாதிரி வெடிக்கும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பது வழக்கம். ஜில்லென்று இருந்தால் ஈரம். வெதுவெதுப்பு ஏறியிருந்தால் சூளைக்குப் போகலாம். மழை பட்டுவிட்டால் பேச்சே இல்லை. வந்த மண்ணுக்கே திரும்பிப் போய்விடும்.

ஆக, சாயங்காலம் மழை உண்டா இல்லையா என்பது எங்களுக்கு வம்பு பேசுகிற விஷயம் இல்லை. ஒரு கோடையில் ஃபியூஸ் கட்டை செய்கிற வேலுவின் பச்சை முழுக்க ஏரிக்குள் கரைந்து கூழாகிவிட்டது. அவர் நேராகச் சாரிடம் சண்டைக்கு வந்தார். சார் வேலுவின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போய்ப் பலகையைக் காட்டினார். அடுத்த வாரம் வேலு மழைக்குப் பயந்து பச்சையை வெளியே எடுக்கவே இல்லை. நாள் முழுக்க நெருப்பு வெயில். பாதி சூளையில் வெடித்தது. மறுபடி சண்டை. சார் மறுபடி கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அதே பலகையைக் காட்டினார். கூடும் என்றுதானே போட்டிருக்கிறேன், பெய்யும் என்றா போட்டேன் என்று கேட்டார். இரண்டு தடவையும் தப்பு வேலு மேல்தான். அப்படி ஒரு பலகை அது.

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதருக்கு ஒரு துளி அழுக்கு தன் மேல் படக் கூடாது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். சங்கத் தலைவர் மட்டும் அவரை மெச்சினார். பெய்யும் என்று எழுதுகிறவன் ஒரு நாள் வேலையை விட்டுப் போவான், பெய்யக்கூடும் என்று எழுதுகிறவன் வயதாகித்தான் போவான் என்பார். தலைவருக்கும் அடுத்த தேர்தலில் நிற்கிற யோசனை இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜரினா வந்து சேர்ந்தது. மங்கலம்பேட்டை. வீட்டுக்காரர் சவூதியில். நறுக்கென்று சின்ன ஊறுகாய் ஜாடி செய்யக் கற்றுக்கொண்டு, எங்கள் பட்டறைக்குப் பக்கத்துக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தது. மாமியாருக்குத் துளியும் இஷ்டமில்லை. பையன் போனில் சொன்னதால் விட்டிருந்தார்கள். முதல் முறை போட்ட ஜாடி சூளையில் வெடித்தது. இரண்டாம் முறையும் வெடித்தது. கொட்டகையில் ஈரம் அப்படி. மூன்றாம் முறைக்கு மாமியார் ஒரு முடிவு சொல்லி அனுப்பினார். இதுவும் வெடித்தால் கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டோடு வந்து இருக்க வேண்டும். பையனும் சரி என்று சொல்லிவிட்டானாம்.

மூன்றாம் முறைக்குச் சூளை ஏற்றுகிற நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் காலை ஜரினா ஒவ்வொரு ஜாடியாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தது. நானும் பார்த்தேன். கழுத்துப் பக்கம் எல்லாம் ஜில்லென்று இருந்தது. ஒரு பகல் முழு வெயில் காட்டினால் பிழைக்கும். காட்டாவிட்டால் வெடிக்கும். காட்டும்போது மழை வந்தால் கூழ். முறையைத் தள்ளிப் போடலாம் என்றால், அடுத்த முறை வருவதற்குள் மாமியாரின் பொறுமை போய்விடும். போதாததற்கு அந்த அம்மாவே அன்று முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாவியை வாங்கிப் போக வந்த மாதிரி.

ஜரினா நேராகச் சாரிடம் போனது. அவர் பலகையில் தேதியை அழித்துக்கொண்டிருந்தார். நானும் லட்சுமியக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

“சார், இன்னிக்கி மழை வருமா?”

அவர் பலகையைக் கையால் காட்டினார்.

“அத தெனம் படிக்கிறேன் சார். இன்னிக்கி ஒரு நாளு வாயால சொல்லுங்க. வருமா, வராதா?”

சார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மேற்கே பார்த்தார். “நல்லூரு பக்கம் நேத்தே ஒரு மாதிரி…”

“நல்லூர கேக்கல சார். நம்ம ஏரிய கேக்குறேன்.”

அவர் ஜரினாவைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த மாமியாரைப் பார்த்தார். சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு வாயைத் திறந்து சொன்னார்:

“வராதும்மா. கொண்டு போயி வெய்யி.”

லட்சுமியக்கா ஆற்றிக்கொண்டிருந்த டீ கீழே ஊற்றியது. எஸ்டேட்டில் ஆஸ்பத்திரிக்கு ஆள் போனால்கூட அவ்வளவு வேகமாகச் சேதி பரவாது. கூடும் சார் ‘வராது’ என்று சொல்லிவிட்டார். பாதிப் பேர், அந்த மனிதரே சொல்கிறார் என்றால் சும்மா இருக்காது என்று இருக்கிற பச்சையை எல்லாம் ஏரிக்குத் தூக்கினார்கள். மீதிப் பேர், அந்த மனிதரே சொல்கிறார் என்றால் கட்டாயம் கொட்டப் போகிறது என்று ஏற்கனவே ஏரியில் இருந்ததை உள்ளே தூக்கினார்கள். வழியில் இரண்டு கட்சியும் தலையில் பலகையோடு எதிரெதிரே போய், ஒருத்தரை ஒருத்தர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டார்கள். வேலு எதுவும் செய்யாமல் சுவரில் சாய்ந்து நின்றார். அவருக்கு அனுபவம் அதிகம்.

அதற்குப் பிறகு சாரைச் சூளைப் பக்கம் காணவில்லை. ஆபீஸ் அறை பூட்டியிருந்தது. சொல்லிவிட்டு ஓடிவிட்டார் என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். மத்தியானச் சோற்றை ஜரினாவோடு சாப்பிடலாம் என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

கரை மேல் கருவேல மரத்து நிழலில் சார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு குவியல். லாரி ஷெட்டில் இருந்து வாங்கி வந்த தார்ப்பாய், சூளைத் தார்ப்பாய், அதற்கும் மேல் சங்கத் தலைவரின் பிறந்த நாளுக்கு வைத்த ஃப்ளெக்ஸ். வாசலில் இருந்து அதைக் கழற்றிக் கொண்டு வந்திருக்கிறார். தலைவர் எட்டாக மடிந்து, ஒரு கண் மட்டும் வெளியே தெரியக் கிடந்தார்.

“என்ன சார், மழை வராதுன்னீங்க?” என்றேன்.

“வராது.”

“அப்ப இதெல்லாம்?”

“அது பாட்டுக்கு இருக்குது.”

சும்மாவும் உட்காரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் இறங்கிப் போய், வெயில் பக்கத்து ஜாடியைத் திருப்பி வைத்து, ஒவ்வொன்றையும் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு கன்னமும் வெள்ளை மண். குடையை ஜரினாவின் மாமியாரிடம் கொடுத்துவிட்டிருந்தார். அந்த அம்மா குடையை விரித்துக் கரையில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, யாரு அந்த மனுசன்? காலையிலேர்ந்து ஜாடிக்கெல்லாம் முத்தம் குடுத்துக்கிட்டு கெடக்குறாரு?”

“மழை வராதுன்னு சொன்னவரு மாமி.”

“அப்ப வரும்,” என்றார் அந்த அம்மா.

வந்தது. வெயில் தாழ்கிற நேரத்துக்கு நல்லூர்ப் பக்கம் வானம் கறுத்தது. முதலில் ஒரு காற்று, ஏரிப் புழுதியை எல்லாம் எங்கள் கண்ணில் போட்டது. அடுத்து இடி. தூரத்தில் பட்டறைக்காரர்கள் அவரவர் பச்சையைத் தூக்க ஓடி வருவது தெரிந்தது. சார் ஓடவில்லை. காலையிலேயே மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்தவர் மாதிரி நேராகக் குவியலை இழுத்துக்கொண்டு இறங்கினார். நான் ஒரு முனை, ஜரினா ஒரு முனை. ஜாடிப் பலகைகளை நெருக்கி வைத்து, முதலில் தார்ப்பாய், மேலே ஃப்ளெக்ஸ். தலைவர் கை கூப்பியபடி வானத்தைப் பார்த்துப் படுத்தார்.

எல்லாம் யோசித்த மனிதர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பாரம் வைக்கக் கல் வேண்டும். ஏரிக்குள் கல்லுக்கு எங்கே போவது? காய்ந்த மண் கட்டிகளைத்தான் பொறுக்கி ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்க மண்ணோடு இருந்தவர், மழையில் மண் கரையும் என்பதை மழைக்காக வைத்த பாரத்தில் மறந்துவிட்டார். நாலு தூறல் விழுந்ததும் கட்டிகள் எல்லாம் சேறாகி வழிந்தன. காற்று தார்ப்பாயைத் தூக்கியது.

சார் அப்படியே ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். ஜரினா ஒரு மூலையில். நான் ஒரு மூலையில். நாலாவது மூலை படபடவென்று அடித்துக்கொண்டது. கரையில் குடையோடு நின்ற அந்த அம்மா எங்களைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். குடையை மடக்கினார். துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்து, நாலாவது மூலையில் உட்கார்ந்தார். தலைவரின் காலடியில்.

அரை மணி நேரம் இருக்கும். அந்தக் கோடையின் மழை மொத்தமும் எங்கள் நாலு பேர் தலையில் இறங்கியது. சாரின் கன்னத்து வெள்ளை மண் கரைந்து சட்டையில் கோடு கோடாக இறங்கியது. அவர் மேல் அழுக்குப் படுகிறதை நான் அன்றுதான் பார்த்தேன்.

மழை விட்டதும் மாமியார்தான் முதலில் கையை உள்ளே விட்டு ஒரு ஜாடியை எடுத்தார். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் இருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தார். ஈரக் கன்னத்தைத் துப்பட்டியின் உள்பக்கத்தில் துடைத்துவிட்டு ஜாடியை ஒற்றிக்கொண்டார்.

“சூடாத்தான் இருக்குது புள்ள,” என்றார்.

முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், மனதை அலைய விடாதீர்கள்: மூன்றாம் முறையில் ஒரு ஜாடிகூட வெடிக்கவில்லை. கொட்டகைச் சாவி ஜரினாவிடமே இருந்தது. சூளை பிரித்ததும் முதல் ஜாடியை அந்த அம்மாவே பொறுக்கி எடுத்து மங்கலம்பேட்டைக்குக் கொண்டு போனார்.

அன்று ஏரியில் இருந்து நாங்கள் கரையேறும்போது சாரிடம், மழை வந்துவிட்டதே சார் என்று மட்டும் சொன்னேன். சட்டையைப் பிழிந்துகொண்டே, “பெரிய மழைன்னு சொல்ல முடியாது” என்றார். இன்னொரு சட்டை இருந்த பை மரத்தடியிலேயே நனைந்து தொங்கியது.

வாசலுக்கு வந்தால் அவர் வீட்டுக்காரம்மா நின்றுகொண்டிருந்தார். ஈரப் புடவை. கையில் ஒரு முறம். முறத்தில் கஞ்சி மாதிரி ஏதோ. காலையில் லட்சுமியக்கா, கேட்டாயா அதிசயத்தை என்று செல்போனில் அவரைக் கூப்பிட்டுச் சாரின் வாக்கைச் சொல்லிச் சிரித்திருக்கிறது. அந்த அம்மா சிரிக்கவில்லை. வருஷத்துக்கு வேண்டிய வடாம் அத்தனையையும் கிளறி மொட்டை மாடியில் பிழிந்துவிட்டார்.

சார் முறத்தையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். அந்த அம்மா அவரிடம் பேசவில்லை. எங்களிடம்தான் சொன்னார்.

“கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு நாளு இந்த மனுசன் பேச்ச நான் கேட்டதில்ல. இன்னிக்கித்தான் கேட்டேன்.”

சார் கை தொப்பியைத் தேடித் தலைக்குப் போனது. தொப்பி ஏரியிலேயே போயிருந்தது.

மறுநாள் காலை எஸ்டேட்டே பலகைக்கு முன்னால் கூடிவிட்டது. சூளை ஏற்றக்கூட ஆள் நகரவில்லை. இனி சார் என்ன எழுதுவார்? சொன்னது பொய்த்துவிட்டது, ஒத்துக்கொள்வாரா என்று வேலு பந்தயம் கட்டாத குறை. சார் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தும்மிக்கொண்டே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. மஞ்சள் பெயிண்ட் வாக்கியத்துக்குக் கீழே, ஈரம் காயாத சாக்பீஸால் தேதியைப் போட்டார். நிறுத்தினார். ஒரு தும்மல் போட்டார். தேதிக்குப் பக்கத்தில் மெதுவாக எழுதினார்:

‘நேற்று மழை பெய்ததாகச் சொல்கிறார்கள்.’